மச்சான் தோற்ற சண்டைகள்

சின்னக் கப்பல் செய்வதில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு நிகரான ஆள் கிடையாது. இந்தக் கிறுக்கு வேறு யாருக்கும் இல்லை என்பது தனி விஷயம். கடலூருக்கு எதிரே வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் பீரங்கியால் அடித்துக்கொண்ட பழைய சண்டையை மேசைமேல் ஆடுவதற்காக, விரல் நீளத்தில் இரண்டு கப்பற்படைகள் செய்தேன். ஈர்க்குச்சியைச் சீவிப் பாய்மரம், டீத்தண்ணீரில் நனைத்த காகிதத்தில் பாய், தையல் நூலில் கயிறு. கண் கெட்டதுதான் மிச்சம்.

கப்பலைவிட அதன் அடித்தட்டுக்குத்தான் அதிகம் மெனக்கெடுவேன். தடித்த பிளாஸ்டிக் அட்டையை நீள்சதுரமாக வெட்டி, பசையைப் பூசி, பழைய டூத் பிரஷ்ஷால் குத்திக் குத்தி அலை எழுப்ப வேண்டும். காய்ந்ததும் அதன்மேல் கடல் நிறம். கடையில் விற்கும் நீலமெல்லாம் காலண்டர் கடல். எங்கள் கடலில் பச்சையும் உண்டு, சேறும் உண்டு. இரண்டையும் கலந்து பூசினேன். ஆட்டத்தில் இந்த அடித்தட்டைப் பிடித்துத்தான் கப்பலை நகர்த்த வேண்டும். பாய்மரத்தில் கை வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

எதிரில் உட்கார்ந்து ஆட ஒரே ஆள், என் மனைவியின் தம்பி. என் வீட்டில் இதற்கெல்லாம் இடமில்லை என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டதால், சிதம்பரத்தில் அவன் மாடியறைக்கே கப்பல்கள் குடிபோயின. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போவேன். பல வருஷமாக ஆடினோம். ஒரு தடவைகூட அவன் ஜெயித்ததில்லை. இந்தக் கப்பல்களுக்குப் பின்பக்கம்தான் பலவீனம். மச்சான் சரியாக அதையே என் பீரங்கிகளுக்கு நேராகத் திருப்பி வைப்பான். எத்தனை தடவை சொல்வது என்று தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து விளக்குவேன். மாமா மூளைக்கு முன்னால் நான் எம்மாத்திரம் என்பான். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

போன தை மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். பாய்மரம் ஒடிந்து நான் சரிசெய்த கப்பல் ஒன்று பையில் இருந்தது. சாப்பிட்ட கையோடு அதைக் கொடுக்கப் போனேன். மாடியில் மச்சான் தன் ஆபீஸ் நண்பரோடு ஆடிக்கொண்டிருந்தான், என் கப்பல்களை வைத்து. கதவோரம் நின்றுவிட்டேன். காற்றைத் தனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டு, நண்பரின் வரிசையை நடுவில் பிளந்து, ஒவ்வொரு கப்பலுக்கும் பின்பக்கமாகப் புகுந்து அடித்தான். ஈவு இரக்கமில்லை. இவனிடம் இதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை என்று நண்பர் என்னிடமே அலுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனதும், என்னிடம் மட்டும் ஏன்டா தோற்றாய் என்று கேட்டேன். மச்சான் கப்பல்களைப் பெட்டியில் அடுக்கியபடி, நிமிராமல் சொன்னான்.

"அக்காவக் குடுத்த எடம் மாமா. உங்ககிட்ட ஜெயிச்சி நான் என்னா பண்ணப்போறேன்?"

மாப்பிள்ளைக்கு நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் போடுவது, பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விடுவது, அந்த வரிசையில் இதுவும் ஒன்று. மரியாதையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் குமுறினேன். அப்பா அவனை அப்படிச் சொல்லி வளர்த்தார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் துணி மடித்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு போய், இன்றைக்கு உண்மையாக ஆடு, இல்லையென்றால் இனி இந்தப் படியேற மாட்டேன் என்றேன். ஆடினான். டீ ஆறுவதற்குள் என் படையைச் சின்னாபின்னமாக்கினான். சத்தியமாக எனக்கு வருத்தமில்லை. இத்தனை வருஷம் கழித்தாவது எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்தானே என்று நெஞ்சு நிறைந்திருந்தது. மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க சொன்ன மாதிரியே ஜெயிச்சிட்டேன் மாமா," என்றான். "இப்ப கோவம் போச்சா?"