மோதிரத்தோடு வாசித்தது

டேவிட்சன் வாசித்த பாட்டுகள் கோயமுத்தூரில் எல்லோருக்கும் தெரியும். டேவிட்சனைத் தெரியாது. ஆடி மாதம் அம்மன் பாட்டு, ரம்ஜானுக்கு முன்னால் இஸ்லாமியப் பாடல்கள், டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேசட். தேர்தல் வந்தால் இரண்டு கட்சிகளுக்கும் ஒரே கிதார். நடுநடுவே மோட்டார் பம்ப் விளம்பரம். ராம்நகரில் ஒரு மாடியில் இருந்த ஸ்டுடியோவுக்குக் காலையில் போவார், கேட்டதை வாசிப்பார், சாயங்காலம் ஸ்கூட்டரில் கிதாரை நிறுத்திக்கொண்டு வீடு திரும்புவார். கேசட் அட்டையில் பாடியவர் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர்கூட இருக்கும். கிதார் என்று ஒரு வரி இருக்காது.

அதனால்தான் 1991இல் சொந்தமாக ஒரு கேசட் போட்டார். சபையில் பாடும் பழைய பாட்டுகளைக் கிதாரில் மட்டும் வாசித்தது. துணைக்குத் தபேலா, யாகூப். 'தபேலா: யாகூப்' என்று அட்டையில் அச்சடிக்கவும் செய்தார். சர்ச் வாசலில் கொஞ்சம் விற்றது. மீதி கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிகளில் கிடந்தது.

"ஏனுங்க, கூட்டறதுக்குக் கட்டல நகத்துனா உங்க பேரையும் சேத்து நகத்த வேண்டியிருக்குது" என்பாள் மனைவி சாராள்.

யாகூப் ஒப்பணக்காரத் தெருவில் மச்சானின் இரும்புச் சாமான் கடையில் உட்கார்ந்திருப்பவர். கீல், தாழ்ப்பாள், ஆணி. ஸ்டுடியோவிலிருந்து ஆள் வந்தால் தபேலாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். டக்கா என்கிற பெரிய தபேலாவை வாசிக்கும் இடது கையில் பச்சைக் கல் வைத்த வெள்ளி மோதிரம். விரல் பருத்துவிட்டதால் எளிதில் கழலாது. ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கு முன்னாலும் சின்ன சீசாவிலிருந்து தேங்காய் எண்ணெய் விட்டு, திருகித் திருகிக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதற்கு ஐந்து நிமிடமாவது ஆகும். பாடகர்கள் சலித்துக்கொள்வார்கள். "கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு நேரம் எடுக்காதுங்க பாய்" என்பார் டேவிட்சன். "மோதரம் டக்காவுல உரசுனா டிக்குன்னு உழுகுமுங்க. அப்பறம் பாட்டக் கேக்கறவன் அதையேதான் கேப்பான்" என்பார் யாகூப்.

1995இல் ஸ்டுடியோவுக்கு ஒரு புதுக் கருவி வந்தது. ஒருவர் வாசித்ததைக் கொஞ்சம் கொடுத்தால் அதையே பிடித்துவைத்து, வேண்டிய வேகத்தில், வேண்டிய நேரம் வரை திரும்பத் திரும்ப வாசிக்கும். ஸ்டுடியோவின் சொந்தக்காரரும் ஒலிப்பதிவாளருமான சென்னகேசவன் அதன்மேல் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார்.

"உள்ள போடறதுக்கு நல்ல தபேலா வேணுங்க. வெவரம் தெரிஞ்சவன் குடுக்க மாட்டான். நம்ம பாயக் கூட்டிட்டு வாங்க. மைக் டெஸ்ட்டுன்னு சொல்லுங்க."

புது மைக் வந்தால் வாத்தியக்காரர்கள் வந்து வாசித்துக் காட்டுவது அங்கே வழக்கம். யாரும் கூலி கேட்பதில்லை. டீயும் பப்ஸும் வரும். டேவிட்சன் யோசிப்பதற்குள் சென்னகேசவன் இன்னொன்றையும் சொன்னார்: "உங்க ரெண்டாவது ஆல்பத்த இங்கயே பண்ணிக்கங்க. ஸ்டுடியோவுக்கு ஒண்ணும் தர வேண்டாம்."

டேவிட்சன் அன்று மத்தியானமே கடைக்குப் போய் யாகூப்பை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

உட்கார்ந்ததும் யாகூப் பழக்கத்தில் சட்டைப்பையைத் தடவினார். எண்ணெய் சீசாவைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"டெஸ்ட்டுத்தானேங்க? கெடக்கட்டும்."

சாயங்காலம் வரைக்கும் வாசித்தார். நாலு நடை, மூணு நடை, மெதுவாக, வேகமாக. சென்னகேசவன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்கக் கேட்க வாசித்தார். ஒருதரம் நிறுத்தி, "என்ன மைக்குங்க இது, இவ்வளவு பசி பசிக்குது!" என்று சிரித்தார். டேவிட்சன் எழுந்து போய்த் தானே பப்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு வாங்கினார். இரண்டையும் யாகூப்புக்கே கொடுத்தார்.

இரண்டாவது ஆல்பம் விற்றது. கீர்த்தனை மெட்டு, நாட்டுப்புற மெட்டு எல்லாம் கலந்த கேசட் அது. ஓட்டல்களில் போட்டார்கள், துணிக்கடைகளில் போட்டார்கள். அட்டை அச்சுக்குப் போகும்போது சென்னகேசவன் கேட்டார், தபேலாவுக்கு என்ன போடுவது என்று. டேவிட்சன் தன் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர்னே போட்டுடலாங்க. அதும் பொய்யில்லையே" என்றார் சென்னகேசவன். 'ரிதம்: கம்ப்யூட்டர்' என்று வந்தது. முதல் கேசட் வந்தபோது யாகூப்புக்குக் கைநிறையக் கொடுத்த டேவிட்சன், இதில் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. கடை இருக்கும் தெரு வழியாகப் போவதையும் விட்டார்.

அதன்பின் ஸ்டுடியோவில் அம்மன் பாட்டானாலும் கட்சிப் பாட்டானாலும் அந்தத் தபேலாதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டிக்'. வேறு யார் காதிலும் அது விழுந்ததாகத் தெரியவில்லை. டேவிட்சனுக்கு வேறொன்றும் விழவில்லை. ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது எல்லோரோடும் சேர்ந்து வாயை அசைப்பார். 'பிறனுக்கு விரோதமாக' என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுவார்.

"தொண்ட கட்டிப்போச்சுங்களா?" என்று கேட்டாள் சாராள்.

"ஆமா."

யாகூப்பை ஸ்டுடியோவுக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. கல்யாணக் கச்சேரிகள் மட்டும் இருந்தன. கொடுமுடியில் ஒரு முகூர்த்தத்துக்கு இருவரும் போய்விட்டு, அடுத்த நாள் காலை பஸ்ஸில் காங்கேயம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பல்லடம் தாண்டியதும் டிரைவர் ஒரு முருகன் கேசட்டைப் போட்டார். மடியில் தபேலாப் பையை வைத்திருந்த யாகூப் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இவன் யாருங்க டேவிட்டு? நல்லா வாசிக்கறானே."

டேவிட்சன் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஆனா மோதரத்தோட வாசிக்கறான் பாருங்க. கூட இருக்கற ஆளு சொல்லக் கூடாதுங்களா?"

"மெட்ராஸ் ஆளு போலிருக்குதுங்க பாய்."

"இருக்கும், இருக்கும். அங்கதான் இப்படியெல்லாம் பண்ணுவாங்க."

சூலூர் வரை யாகூப் அந்தத் தாளத்தைத் தபேலாப் பையின்மேல் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். 'டிக்' வரும் இடத்தில் மட்டும் தட்டவில்லை.

1999இல் மூன்றாவது ஆல்பத்துக்கு டேவிட்சன் கருவி வேண்டாம் என்றார். சென்னகேசவன் முகம் சுளித்தார். "மனுசன் கூட்டிக் கொறச்சுத்தான் வாசிப்பானுங்க. மறுபடி மறுபடி எடுக்கோணும்." எடுக்கலாம் என்றார் டேவிட்சன். நாலு வருடங்களுக்குப் பிறகு கடைப் படியேறி யாகூப்பைக் கூப்பிட்டார். யாகூப் ஏன், என்ன என்று கேட்கவில்லை. "வாரேனுங்க" என்றார்.

ஸ்டுடியோவில் யாகூப் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தபேலாவைத் தட்டிச் சுருதி சேர்த்தார். டேவிட்சன் அன்று தானே ஒரு சீசாவில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்திருந்தார். எடுத்து நீட்டினார்.

யாகூப் அதைப் பார்த்தார். வாங்கவில்லை.

"டெஸ்ட்டுத்தானேங்க? கெடக்கட்டும்."

"இல்லீங்க பாய். இது ரெக்கார்டிங்கு."

"அன்னைக்கும் ரெக்கார்டிங்குதானுங்களே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சென்னகேசவன் குனிந்து ஏதோ வயரைச் சொருகிக்கொண்டிருந்தார். டேவிட்சன் சீசாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு ஒரு நாள்தானுங்க நான் மோதரத்தோட வாசிச்சது." யாகூப் டக்காவின் தோலைத் துடைத்தார். "உங்க கேசட்ட நீங்க தரலைன்னதும் கடையில காசு குடுத்து வாங்கிப்போட்டேன். மொதப் பாட்டுலயே தெரிஞ்சுபோச்சு. பஸ்ஸுல கேட்டனே, அப்பவாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். மெட்ராஸ் ஆளுன்னீங்க."

"நான் உங்ககிட்டக் கேட்டிருக்கோணும் பாய்."

"கேட்டிருக்கலாமுங்க. நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

டேவிட்சன் சீசாவைத் தரையில் வைத்துவிட்டுக் கிதாரை எடுத்தார். திட்டியிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

"எண்ணுங்க" என்றார் யாகூப்.

டேவிட்சன் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணினார். வாசித்தார்கள். பாதியில் சென்னகேசவன் நிறுத்தினார். "மோதரச் சத்தம் உழுகுது. கழட்டச் சொல்லுங்க."

"உழுகட்டும்" என்றார் டேவிட்சன்.

கேசட் வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு ஒப்பணக்காரத் தெருவுக்குப் போனார். யாகூப் அட்டையை விரித்து, 'தபேலா: யாகூப்' என்ற இடத்தைப் பார்த்தார். தலையசைத்தார். பிறகு கல்லாவைத் திறந்து, ஆணிப் பொட்டலங்களுக்கு அடியிலிருந்து இரண்டாவது கேசட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அட்டை மடிப்பில் கிழிந்திருந்தது.

"இதுல என்னங்க பண்றது?"

டேவிட்சன் பேனாவை எடுத்தார். 'கம்ப்யூட்டர்' என்பதன்மேல் ஒரு கோடு போட்டார். வழவழப்பான அட்டையில் மை ஒட்டவில்லை. அழுத்தி மறுபடியும் போட்டார். மேலே எழுத இடம் போதவில்லை, ஓரமாக யாகூப் என்று எழுதினார். எழுத்து கோணியது.

யாகூப் அதை வாங்கி ஊதிக் காயவைத்தார். கடைக்கு வந்த ஒருவர் ஆறங்குலக் கீல் நாலு கேட்டார். யாகூப் கேசட்டைக் கல்லாவில் வைத்து மூடிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

டேவிட்சன் பேனாவை மூடாமல் நின்றுகொண்டிருந்தார்.