பஸ் ஓட்டும் கெரின் எழுதிய பாடத்திட்டம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவள் கெரின். பதினோரு பண்ணை வாசல்களில் நின்று இருபத்தாறு பிள்ளைகளை ஏற்றிவந்து பள்ளியில் இறக்குவாள். முன் சீட்டில் இருக்கும் தன் ஒரே மகள் பிரைனியை மட்டும் இறக்க மாட்டாள். ஊர் வாய் சும்மா இருக்குமா?

"எல்லார் பிள்ளையையும் கொண்டுபோய் விடுறா, தன் பிள்ளைய மட்டும் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுறா" என்று தபாலாபீஸில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். நான் கெரினின் பக்கத்து வீட்டுக்காரி. சுருக்கென்றது. "உன் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

பிரைனிக்கு ஒன்பது வயது. அம்மா அப்பாவிடம் ஓயாமல் பேசுவாள். வெளி மனிதர் ஒருவரைக் கண்டால் வாய் பூட்டிக்கொள்ளும். என்னிடம் பேசவே எட்டு மாதம் ஆயிற்று. பள்ளியில் இரண்டு வருஷமாக ஒரு சொல் பேசவில்லை. கடைசியில் அங்கே சாப்பிடுவதையும் விட்டுவிட்டாள். அதனால்தான் போன வருஷம் கெரின் அவளை வீட்டுக்கல்விக்குப் பதிவு செய்தாள். அந்தப் பதிவு ஓராண்டுக்குத்தான். மறுபடி வேண்டுமென்றால் இந்த வருஷம் பிள்ளை என்னென்ன படிக்கும் என்று திட்டம் எழுத வேண்டும். கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பார். திட்டம் சரியில்லையென்றால் பிரைனி பள்ளிக்குத் திரும்பியாக வேண்டும்.

எங்கள் நாட்டில் ஜனவரிதான் கோடை, அந்த வெயிலில் கெரின் நான்கு முறை எழுதி நான்கையும் கிழித்தாள். "லைசென்ஸ் பரீட்சைக்கு அப்புறம் நான் எதையும் எழுதினதே இல்ல, ஹெட்டி" என்றாள். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தரும் தாய்மார்களின் குழுவில் யாரோ தங்கள் பழைய திட்டத்தை அனுப்பினார்கள். முப்பத்தொரு பக்கம். கெரின் பெயரை மாற்றினாள், என் வீட்டில் அச்செடுத்தாள். ஸ்டேப்ளர் அடித்தது நான்தான். கனத்தைப் பார்த்தே இருவருக்கும் நிம்மதி. வரி வரியாகப் படிக்க யாருக்குத் தோன்றியது?

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், காலை பஸ் முடிந்தபிறகு ஜோசலின் என்ற அதிகாரி வந்தார். கெரின் என்னையும் துணைக்கு உட்கார வைத்திருந்தாள். பிரைனி மேசைக்கடியில் புகுந்துகொண்டாள். அதிகாரி டீயைக் குடித்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் நின்றார்.

"பிரைனி டிரம்பெட் வாசிப்பாளா?"

"என்னது?"

"'டோபி இந்த ஆண்டும் டிரம்பெட் வகுப்பைத் தொடர்வான்'னு போட்டிருக்கே. அடுத்த பக்கத்துல சனிக்கிழமைதோறும் கடல்ல நீச்சல்."

எங்கள் ஊரிலிருந்து கடல் ஆறு மணி நேரம். "அச்சுப் பிழைங்க" என்று நான் உளறினேன். ஜோசலின் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பொய் சொல்லாத, ஹெட்டி" என்றாள் கெரின். முகம் சிவந்துபோயிருந்தது. "இது வேற ஒருத்தங்க தங்க பையனுக்கு எழுதினதுங்க. நான் எழுதினா உங்களுக்குப் போதாதுன்னு பயந்துட்டேன்."

ஜோசலின் காகிதக் கட்டை மூடினார். "இத வச்சு நான் சம்மதிக்க முடியாதும்மா."

மேசைக்கடியில் பிரைனி அம்மாவின் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருப்பேன்" என்றார் ஜோசலின், பேனாவைத் திறந்தபடி. "அவளுக்கு என்ன வரும், என்ன வராது? பேப்பரப் பாக்காம சொல்லுங்க."

கெரின் முதலில் தடுமாறினாள். பிறகு நிற்கவே இல்லை. ஏழாம் வாய்ப்பாடு வராது, எட்டு வரும். பஸ் மீட்டரைக் காலையும் மாலையும் குறித்து ஓடின தூரத்தைக் கழித்துச் சொல்வாள். கடன் வாங்கிக் கழிக்கும்போது மட்டும் தப்பும். பிள்ளைகள் இறங்கி பஸ் காலியான பிறகு கடைசி சீட்டில் உட்கார்ந்து சத்தமாகக் கதை வாசிப்பாள், ஒரு ஆள் ஏறினாலும் நிறுத்திவிடுவாள். மழை அளவை மாதவாரியாகப் படம் போட்டு வைத்திருக்கிறாள். வறட்சி ஏன் வருகிறது என்று கேட்கிறாள், "எனக்குப் பதில் தெரியல, நூலகத்துல ரெண்டு பேரும் சேர்ந்து தேடணும்."

ஜோசலின் மூன்று பக்கம் எழுதித் தள்ளினார். "இதையே எழுதியிருக்கலாமேம்மா?"

"இதெல்லாம் படிப்புன்னு நீங்க ஒத்துப்பீங்களான்னு தெரியலங்க."

"பேச்சுக்கு என்ன போடட்டும்?"

கெரின் குனிந்து மகளை ஒருதரம் பார்த்தாள். "வருஷ முடிவுக்குள்ள ரொட்டிக் கடையில ஒரு ரொட்டி அவளே கேட்டு வாங்கணும். அவ்வளவுதான். பெரிசா ஒண்ணும் இல்ல."

"அது பெரிசுதான்" என்றார் ஜோசலின். "டிசம்பர்னு போட்டுக்கறேன்." பிறகு குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். "உனக்குச் சரியா, கண்ணு?"

மரியாதைக்குக் கேட்ட கேள்வி அது. பதில் வருமென்று அவரும் எதிர்பார்க்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. அவர் மறுபடி நிமிரப் போனார்.

"ஜூன்" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

ஜோசலின் ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. டிசம்பரை அடித்துவிட்டு மேலே ஜூன் என்று எழுதினார். முழு ஆண்டுக்கும் பதிவு தருவதாகச் சொல்லிவிட்டு இன்னொரு டீ கேட்டார். டீ போடக் கெரினால் எழுந்திருக்க முடியவில்லை, அழுதுகொண்டிருந்தாள். நான்தான் போட்டேன், அதுவும் சர்க்கரை ஜாடி எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாமல்.