ஒரு பக்கத்துக்கு ஒரு தப்பு

என் தம்பியை அவன் வேலை பார்த்த கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இதோ' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கே இருக்கிறாய் என்று போனில் எப்போது கேட்டாலும் அவனிடமிருந்து வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "இதோ வந்துட்டேன்." அந்த 'இதோ' சில நாள் ஐந்து நிமிடமாக இருக்கும், சில நாள் மறுநாள் மத்தியானமாக இருக்கும். எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் இறந்துபோன பிறகும், அலுவலகத்தில் யாராவது தாமதமாக வந்தால் "இதோ மாதிரி வரான் பாரு" என்று சொல்கிறார்களாம்.

வாஷிங் மெஷின் ரிப்பேர் அவன் தொழில். கை அப்படி ஒரு கை. சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிருக்கிறதா, யாரோ பையில் விட்ட சாவி உள்ளே போய்ச் சிக்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுவான். அவனுக்கு மெஷினுக்குள்ளே எந்தச் சிக்கலும் கிடையாது. ஒரு மெஷினுக்கும் அடுத்த மெஷினுக்கும் நடுவில்தான் எல்லாச் சிக்கலும். ஒரு வீட்டில் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, பெல்ட் வாங்கிவரக் கிளம்புவான். வாங்கிக்கொண்டு திரும்பும்போது படிக்கட்டில் எதிரே வருகிற பெரியவர் தன் வீட்டு மின்விசிறி கடகடக்கிறது என்பார். சரி, ஒரு நிமிடம் பார்த்துவிடலாம் என்று போவான். மின்விசிறியிலிருந்து கதவுத் தாழ்ப்பாள், தாழ்ப்பாளிலிருந்து குழாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் தோளில் பெல்ட் தொங்குவது தெரியும். அந்த நேரம் அந்த வீட்டம்மா சோப்புத் தண்ணீரில் ஊறிய போர்வையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படி ஒரே மாதத்தில் மூன்று புகார். மேலாளர் நல்ல மனிதர்தான். கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "உன் கை மாதிரி ஒரு கை இங்க யாருக்கும் கிடையாதுப்பா. ஆனா கையை மட்டும் அனுப்பி வைக்க முடியுமா? கூடவே நீயும் போகணும்ல. இன்னொரு புகார் வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அதே வாரம் இன்னொன்று நடந்தது. அவன் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியில் உட்காரவே மாட்டேன் என்கிறாள் என்று மருத்துவரிடம் அனுப்பியிருந்தார்கள். பெற்றோர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று வந்தது. தம்பி மனைவி சமையலறையில் நின்றபடியே அதை நிரப்ப ஆரம்பித்தாள். மூன்றாவது கேள்வியில் சிரிப்பு வந்துவிட்டது. எட்டாவது கேள்வியில் எனக்குப் போன் செய்துவிட்டாள்.

"அண்ணி, இத கேளுங்க. 'தொடங்கிய வேலையை முடிக்காமல் வேறு வேலைக்குத் தாவுகிறாரா?' 'அன்றாடம் தேவைப்படும் பொருட்களைத் தொலைக்கிறாரா?' இது பாப்பாவோட ஃபாரமா, உங்க தம்பியோட ஜாதகமா?"

பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. "என்ன ஜாதகம்? யாருக்குக் கல்யாணம்?"

ஏடிஎச்டி என்கிற இந்தக் கவனக் குறைபாடு குழந்தைகளுக்கு மட்டும் வருவதில்லை, கூடவே வளர்ந்து பெரியவர்களிடமும் இருக்கும் என்று மகளைப் பார்த்த மருத்துவர் சொன்னார். தம்பி அதை மேலாளரிடம் அப்படியே போய்ச் சொல்லிவிட்டான். அவன் வாயில் எதுவும் நிற்காது. மேலாளர் யோசித்துவிட்டு, பரிசோதித்த மருத்துவரின் கடிதம் இருந்தால் வேலைமுறையை மாற்றித் தர மேலிடத்தில் கேட்கலாம் என்றார். அடுத்த மாதக் கடைசிக்குள் கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை.

பெரியவர்களைப் பரிசோதிக்கிற இடத்தைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. அவனை விட்டால், அதைத் தேடப் போய் வேறு எதையாவது கண்டுபிடித்துக்கொண்டு வந்திருப்பான். பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்தேன்.

"பதினெட்டு வயசுக்கு மேல இங்க பாக்கறதில்ல மேடம்."

"பதினெட்டு முடிஞ்சதும் சரியாயிடுமா?"

"அப்படியெல்லாம் ஆகாதுங்க."

"அப்போ அவங்க எங்கதான் போவாங்க?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் தெரியல மேடம். தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க, எங்க அண்ணன் ஒருத்தர் இருக்காரு."

இரண்டாவது இடத்தில் பதினான்கு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் மன அழுத்தத்துக்கு யோகா சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். நான்காவதாகக் கிடைத்தது ஒரு கண்ணாடிக் கடையின் மாடி. வாரத்தில் இரண்டு நாள் பெரியவர்களை மட்டும் பார்க்கும் மனநல மருத்துவர் அங்கே இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசும் பெண்மணி.

முதல் நாள் தம்பி பத்து நிமிடம் முன்னாலேயே போய்விட்டான். வாழ்நாளில் முதல் தடவை. கண்ணாடிக் கடையின் ஷட்டர் பாதியில் சிக்கி நின்றது. கடைக்காரர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். ஷட்டர் வெண்ணெய் போல இறங்கி ஏறத் தொடங்கியபோது, மாடியில் அவன் நேரம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"பரவாயில்ல, திங்கட்கிழமை வாங்க" என்றார் மருத்துவர். "இதையும் எழுதி வச்சுக்கறேன்."

திங்கட்கிழமைக்குப் பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டைகளும், சிறு வயதிலிருந்து அவனை அறிந்த ஒருவரும் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்த ஒருவர் நான். அவன் வீட்டுக்குப் போனபோது அலமாரியின் மேலிருந்து எதையோ இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தான். சிறிய கோப்பை. ஐந்தாம் வகுப்பில் 'சிறந்த நோட்டுப் புத்தகம்' என்று அவனுக்குக் கொடுத்தது.

"இது எதுக்கு?"

"காட்டணும்ல. நியாயம்னு ஒண்ணு இருக்குக்கா. நான் ஒழுங்கா இருந்த காலமும் அவங்களுக்குத் தெரியணும்."

அங்கேயே சொல்லியிருக்கலாம். பேருந்தில் போகும்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மருத்துவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வருடா வருடம் ஆசிரியர்கள் எழுதியிருந்ததெல்லாம் ஒரே மாதிரி இருந்தது. வீட்டுப்பாடம் தவறாமல் செய்கிறான். பொருட்களைப் பொறுப்பாக வைத்துக்கொள்கிறான். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"பன்னெண்டு வயசுக்கு முன்னாடியே இதோட அடையாளம் தெரிஞ்சிருக்கணும். இப்போ உங்க பாடு எனக்கு நல்லாவே புரியுது. ஆனா இதுல எதுவுமே இல்லையே. இத வச்சு என்னால கடிதம் எழுத முடியாது."

"நான்தான் அப்பவே சொன்னேனே டாக்டர்" என்றான் தம்பி, மடியில் கோப்பையை வைத்துக்கொண்டு. "சின்ன வயசுல நல்லாத்தான் இருந்தேன். இது சோம்பேறித்தனம்தான்."

அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்!

"அந்த நோட்டு நான் எழுதினது" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அவன் அந்த நோட்டை அந்த ஒரு வருடத்தில் நான்கு முறை தொலைத்தான். தெரிந்தால் அப்பா முதுகுத் தோலை உரித்துவிடுவார். அவனைவிட ஐந்து வயது பெரியவள் நான். அவன் வகுப்புப் பையன் ஒருவனிடம் நோட்டைக் கடன் வாங்கி, புதிதாக ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி, தம்பி எழுந்திருக்கும் முன் அவன் பையில் வைத்துவிடுவேன். எழுத்தை இடப்பக்கம் சாய்த்து, 'ழ'வை அவனைப் போலவே வயிறு பெருத்ததாக எழுதுவேன். சந்தேகம் வரக் கூடாது என்று ஒரு பக்கத்துக்கு ஒரு தப்பு வைப்பேன். அவனும் எந்த நோட்டையும் திருப்பிப் பார்த்தவன் இல்லை. பையில் இருந்தால் அது அவன் நோட்டு, அவ்வளவுதான். வீட்டுப்பாடம், ரப்பர், காம்பஸ் பெட்டி, மழைக்கோட்டு எல்லாமே அப்படித்தான். அவனுக்குப் பதினான்கு வயதாகும் வரை, எனக்குக் கல்யாணம் ஆகிப் போகும் வரை.

மருத்துவர் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். "ரப்பர் எத்தனை?"

"வாரத்துக்கு மூணு."

"மழைக்கோட்டு?"

"அது கணக்கே இல்ல டாக்டர்."

அவர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

"முப்பது வருஷமா நான் என்ன நினைச்சிட்டிருந்தேன் தெரியுமாக்கா?" குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "சின்ன வயசுல ஒழுங்கா இருந்தவன், வளர்ந்ததும் நானேதான் கெட்டுக் குட்டிச்சுவராப் போயிட்டேன்னு. எங்க விட்டேன், எங்க விட்டேன்னு தேடிட்டிருந்தேன். நீ சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய நோட்டுப் பையனோடு போட்டி போட்டு அவன் ஆயுள் முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கோபத்தில் விறுவிறுவென்று இறங்கிப் போய், தப்பான பேருந்தில் ஏறிவிட்டான். கோப்பை மருத்துவரின் நாற்காலியிலேயே கிடந்தது. மறந்தானா, விட்டுவிட்டுப் போனானா என்று அவன் மனைவியும் நானும் வெகுநாள் வாதாடினோம். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. எந்தக் கோபத்தையும் அரை மணி நேரத்தில் மறந்துவிடுகிறவனுக்கு அது பெரிய சாதனை.

கடிதம் கெடுவுக்கு ஆறு நாள் முன்னால் வந்தது. கம்பெனியில் வேலைமுறையை மாற்றினார்கள். ஒரு வீட்டில் வேலை முடிந்து, அந்த வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த முகவரி அவன் போனுக்கு வரும். உதிரி பாகம் வேண்டுமென்றால் அலுவலகத்திலிருந்து கொண்டு வந்து தருவார்கள். அவன் படியிறங்கக் கூடாது. மாத்திரையும் ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவன் இருந்த ஆறு வருடத்தில் புகார் இரண்டே இரண்டு. அதிலும் ஒன்று, ரொம்ப நேரம் பேசினான் என்பது.

கண்ணாடிக் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் இவனைப் போன்றவர்கள் கூடுவார்கள். கூட்டம் நான்கு மணிக்கு. நாலே முக்காலுக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். "அங்க போனா நான்தான்க்கா சீக்கிரம் வர்ற ஆளு" என்று பெருமையடித்துக்கொள்வான்.

அந்த நான்கு நாள் கோபம் தீர்ந்து என்னோடு பேச ஆரம்பித்த அன்று ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "பாப்பா பையத் தொடாத. என்னோடதையும் தொடாத. கேட்டா மட்டும் உதவி பண்ணு. இனிமே நான் மறந்தா, மறந்தது நானா இருக்கட்டும்."

சொல்வது சுலபம். அடுத்த வாரமே என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, வேலைக்குக் கிளம்பினான். ஸ்பேனர் பை மேசைக்கடியில் அப்படியே இருந்தது. அவன் செருப்பு மாட்டினான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கேட்டைத் திறந்தான். நான் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். வண்டி தெருமுனை திரும்பியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். வண்டிச் சத்தம் கேட்டது.

உள்ளே வந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"நீ பாத்துட்டுதானே இருந்த?"

"எத?"

"பொய் சொல்லாத, தலைப்பெல்லாம் ஈரமா இருக்கு" என்று சிரித்தான். "சொல்லவே இல்ல பாரு. நல்ல அக்கா."