ஸ்டெபிலைசரின் பச்சை விளக்கு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலே, சுவரில் ஒரு தகரப்பெட்டி மாட்டியிருந்தது. ஸ்டெபிலைசர். அதன் முகத்தில் மூன்று விளக்குகள். பச்சை எரிந்தால் கரண்ட் சரியாக வருகிறது. மஞ்சள் எரிந்தால் குறைவாக வருகிறது, பெட்டி ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சிவப்பு என்றால் இனி என்னால் ஆகாது, ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டேன். கூட வந்த காகிதத்தில் அவ்வளவுதான் போட்டிருந்தார்கள். ஏன் குறைகிறது, யாரால் குறைகிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையை நானே நிரப்பிக்கொண்டேன்.

அப்போது தொண்ணூறுகளின் ஆரம்பம். கீழ்க்கட்டளையில் வீடு கட்டிக் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. எனக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் புட்டி ஃப்ரிட்ஜின் கதவில்தான் இருக்கும். குரோம்பேட்டை மருந்துக் கடையில் வாங்கி, ஐஸ் போட்ட டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவருவேன். தினமும் காலையில் என் மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கலங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் ஊசியில் ஏற்றுவாள். ஒரு கோடையில் ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓடியதில் மருந்து கெட்டுப்போய், அது தெரியாமலே போட்டுக்கொண்டு, பல்லாவரம் ஸ்டேஷனில் மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் சிவப்பு எரிந்தால், அவள் முதல் வேலையாகப் புட்டியை வெளியே எடுத்து ஈரத்துணியில் சுற்றுவாள்.

நான் சுபாவத்திலேயே சந்தேகப்பிராணி. பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை யாரையும் முழுசாக நம்பியது கிடையாது. மனைவி ஒருத்திதான் விதிவிலக்கு. தினமும் ஊசி போடுகிறவளைச் சந்தேகப்பட்டால் எப்படி உயிர் வாழ்வது?

சாயங்காலம் ஆனால் சிவப்பு எரியும். முதலில் பெட்டியை விற்ற கடைக்காரரைச் சந்தேகித்தேன். பழைய பெட்டிக்குப் புது பெயிண்ட் அடித்துத் தள்ளிவிட்டான் என்று போய்ச் சண்டை போட்டேன். அவர் என் கண்ணெதிரே புதுப்பெட்டி ஒன்றை மாற்றிக் கொடுத்தார். அதிலும் சிவப்புதான் எரிந்தது.

அடுத்தது எதிர்வீட்டுக்காரர். ஊரின் பழைய குடும்பம். எங்கள் மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் வயல். அவர் வீட்டில் கிணற்றுக்கு ஒரு மோட்டார், போர்வெல்லுக்கு ஒரு மோட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா சார், கரண்ட்டு ஒழுங்கா வருதா?" என்று கேட்பார். எடுக்காதவன் எதற்கு விசாரிக்க வேண்டும்? கம்பத்திலிருந்து திருட்டுக் கொக்கி போட்டிருக்கிறாரா என்று மொட்டை மாடியிலிருந்து பல தடவை பார்த்தேன். கொக்கி இல்லை. நன்றாக மறைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு மூன்று ஃபேஸ், அதாவது தனித்தனியாகக் கரண்ட் வரும் மூன்று கம்பிகள், வரும். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு திருகு ஸ்விட்ச் இருக்கும். ஒரு ஃபேஸில் கரண்ட் குறைந்தால், ஸ்விட்சைத் திருகி நன்றாக இருக்கும் இன்னொன்றுக்குத் தாவிவிடலாம். நானும் தினமும் தாவினேன். அதை என் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில், மாடியில் என் வேவு வேலையில் இருந்தபோது தெரு மொத்தமும் இருண்டது. கம்பத்தில் ஒரு ஃபேஸ் போய்விட்டது. அடுத்த கணம் எதிர்வீட்டில் விளக்கு வந்தது. பிறகு அதற்கடுத்த வீடு, பிறகு கோடி வீடு. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஸ்விட்சைத் திருகுகிறார்கள். எல்லா விளக்கும் எரிந்ததும், எல்லாமே ஒன்றாக மங்கிச் சோகை பிடித்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல ஃபேஸ் எது என்று பார்த்து மொத்தத் தெருவும் அதன் மேலேயே விழுகிறது. அதனால்தான் அது நல்ல ஃபேஸாக நீடிப்பதில்லை.

எதிர்வீட்டு வாசலுக்குப் போய்ச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, நான்தான் ஏதோ பெரிய மெஷின் வைத்து இழுக்கிறேன் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். எனக்குச் சுரீரென்றது. பிறகு இருவரும் வீடு வீடாகப் போய் ஒரு ஏற்பாடு செய்தோம். எங்கள் வரிசைக்கு முதல் ஃபேஸ், அவர் வரிசைக்கு இரண்டாவது, கோடி வீடுகளுக்கு மூன்றாவது. யாரும் ஸ்விட்சைத் தொடக்கூடாது.

பிரியும்போது அவர் கேட்டார்: "சார், நீங்க மாத்த மாட்டீங்களே?"

என்னையா கேட்கிறான் என்று வீடு வரைக்கும் பொருமிக்கொண்டே வந்தேன்.

சில நாட்கள் நிம்மதியாகப் போயின. மஞ்சள் எரியும், சமாளிக்கும். பிறகு அவர் ஆரம்பித்தார். அவர் வரிசையில் சாயங்காலம் டியூப்லைட்டே எரிவதில்லையாம். எங்கள் வரிசையிலிருந்து யாரோ அந்த ஃபேஸுக்குத் தாவுகிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மோட்டாரையும் ஒன்றாக ஓட்டிவிட்டு நம் தலையில் கட்டுகிறார். எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மாடியிலிருந்து இறங்கி வந்து பார்க்கும்போதெல்லாம் பச்சைதான். ஒப்பந்தத்தை மதிக்கிறவனுக்குப் பச்சை எரிகிறது என்றுகூட மனைவியிடம் சொன்னேன். அவள் கல்லில் இருந்த சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள்.

திருடன் அவர் வரிசையில்தான் இருப்பான், பிடிப்பது சுலபம் என்று கணக்குப் போட்டேன். ஸ்விட்சைத் திருகும்போது அந்த வீடு ஒரு கணம் அணைந்து எரியும். மாடிக் கைப்பிடிச் சுவரோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எதிர் வரிசையைக் கண்கொட்டாமல் பார்த்தேன். சிறிது நேரத்தில்தான் கவனித்தேன், எதிர்வீட்டுக்காரரும் தன் மாடியில் நின்றிருந்தார். அவர் எங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தும் பார்க்காதது போல நின்றோம்.

திடீரென்று அவர் கையை நீட்டினார். "சார், உங்க வூடுதான்."

கீழே குனிந்தேன். எங்கள் போர்ட்டிகோ விளக்கின் வெளிச்சம் தெருவில் அப்போதுதான் மறுபடி விழுந்துகொண்டிருந்தது.

படியிறங்கி ஓடினேன். மீட்டர் பெட்டிக்கு முன்னால் மனைவி நின்றிருந்தாள். ஒரு கை திருகு ஸ்விட்சில், இன்னொரு கையில் ஈரத்துணி சுற்றிய மருந்துப் புட்டி. நான் மாடிக்குப் போன பிறகு மஞ்சள் சிவப்பாகும்போதெல்லாம் திருகுவாளாம், நான் தூங்கிய பிறகு பழையபடி மாற்றிவிடுவாளாம். அவள் பயப்படவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

"செவப்பு எரிஞ்சா உங்களுக்கு யார் மேலயாவது கோபம் வருது. எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் ஞாபகம் வருது."

இத்தனை நாளும் சிவப்பைச் சந்தேகித்தேன், மஞ்சளைச் சந்தேகித்தேன். பச்சை எதனால் எரிகிறது என்று ஒரு நாளாவது கேட்டிருப்பேனா? ஒரு ஃப்ரிட்ஜ் தாவியதால் ஒரு வரிசையே மங்கியிருக்காது, இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் திருகினார்கள் என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. ஆனால் பிடிபட்டது நாங்கள்தான்.

எதிர்வீட்டுக்காரர் அதற்குள் எங்கள் கேட் அருகே வந்துவிட்டார். "இன்னா சார் ஆச்சு?"

மனைவியின் கையைப் பார்த்தேன். ஸ்விட்சிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. வாசலுக்குப் போய், ஃப்யூஸ் லூஸாக இருந்தது, அழுத்திவிட்டேன் என்று சொன்னேன்.

"சரி சார்" என்றார். அதை எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க நான் மற்றவர்களுக்குச் சொல்லிவந்த அதே "சரி".