முள் நடுவில் நின்ற வண்டி

மண்ணூர்பேட்டையில் மீட்டர் வேம்புலி என்று கேட்டால் யாரும் கடையைக் காட்டுவார்கள். தொழிற்பேட்டை மதிலை ஒட்டித் தகரம் போட்ட கடை. உள்ளே நுழைந்ததும் வேம்புலியம்மன் படம், அதற்கு அன்றாடம் ஒரு முழம் பூ. அவருடைய அப்பா அம்மா நாற்று நட்டுக் கூலி வாங்கிய நிலத்தில்தான் இன்றைக்குக் கம்பெனிகள் நிற்கின்றன. வேம்புலி அஞ்சாவதோடு படிப்பை விட்டவர். ஆனாலும் டேஷ்போர்டைக் கழற்றி, வட்டமாக அறுத்து, இஞ்சின் சூட்டைக் காட்டும் வெளி மீட்டரை அவர் உட்கார வைத்தால் வண்டி பிறந்தபோதே கூடப் பிறந்தது மாதிரி இருக்கும்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. வேலை முடிந்ததும் ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து தெருமுனை வரை ஒரு சுற்று போய் வருவார்.

“முள்ளு நடுவுல கீதுன்னா, நிம்மதியா ஓட்டு. செவப்பத் தொட்டுச்சா, எவன் கூப்ட்டாலும் போவாத, ஓரங்கட்டிடு. இஞ்சின் ஆறாம ரேடியேட்டர் மூடியத் தொறந்துடாத.”

இருபத்தாறு வருஷமாக, சாமி பேரைச் சொல்வது போல, இதை ஒவ்வொருவருக்கும் சொல்லி வந்தார்.

போன ஆடி மாசம் வண்டி புரோக்கர் திருவேங்கடம் ஒரு பழைய டீசல் காரைக் கொண்டுவந்தான். கடைக்கு வரும் பத்து வண்டியில் எட்டு வண்டி அவன் அனுப்புவதுதான்.

“மாமே, சூடு மீட்டரு செத்துப்போச்சு. புச்சா ஒண்ணு மாட்டு.”

மாட்டி, இஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டார். முள் விறுவிறுவென்று ஏறிச் சிவப்பில் போய் நின்றது.

“இன்னாப்பா இது, இஞ்சின் கொதிக்குது. வேல பாக்காம இத விக்காத.”

“வேல பாத்தா எனக்கு இன்னா மிஞ்சும்? முள்ள மட்டும் கொஞ்சம் அடக்கி வெய்யி.”

“பாவம்ப்பா.”

“பாவ புண்ணியம் பாக்கறவன் கோயில்ல மணி அடிக்கப் போவணும் மாமே. வாங்கறவன் எவனோ வெளியூர்க்காரன், அவன் மூஞ்சியக்கூட நீ பாக்கப் போறதில்ல. முடியாதுன்னா சொல்லு, ஆவடில வேற ஆளு கீறான்.”

வேம்புலி அம்மன் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சூட்டை மீட்டருக்குச் சொல்லும் ஒயரை நடுவில் வெட்டி, மின்சாரத்தைக் குறைக்கும் அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பற்றவைத்தார். முள் நடுவுக்கு இறங்கி வந்து அங்கேயே நின்றது. அன்றைக்கு மட்டும் அவர் தெருமுனை வரை போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே வண்டி கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் திருநின்றவூர் அமல்ராஜ். பக்கத்தில் அவன் மனைவி ஆக்னஸ், மடியில் சின்ன வேளாங்கண்ணி மாதா சிலையோடு.

“அண்ணாத்தே, இந்த மீட்டரு நீங்க மாட்னதாமே? கால் டாக்சி ஓட்டப்போறேன். எப்டிப் பாக்கணும்னு நீங்கதான் சொல்லித் தருவீங்கன்னு ஸ்டாண்டுல சொன்னாங்க.”

“ரோட்டப் பாக்கச் சொல்லுங்கண்ணே,” என்றாள் ஆக்னஸ். “நாலு நாளா அந்த முள்ளயே பாத்துகினு கீறாரு. கண்ணாலத்தன்னிக்கு என்னக்கூட அப்டிப் பாக்கல.”

அமல்ராஜ் சிரித்தான். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வேம்புலிக்குத் தோன்றியது. சொன்னால் திருவேங்கடம் இனி ஒரு வண்டி அனுப்ப மாட்டான். சிலையின் அடியைத் துடைத்து, டேப் ஒட்டி, மீட்டருக்குப் பக்கத்தில் மாதாவை நிற்க வைத்தார். பிறகு வாயைத் திறந்தார்.

“நடுவுல கீதுன்னா... நிம்மதியா ஓட்டு.”

மிச்சத்தைச் சொல்லாமலே கடைக்குள் திரும்பிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை அம்மன் குங்குமத்தை அவர் தொடவே இல்லை.

இருபதாவது நாள் ஆக்னஸ் மட்டும் வந்தாள். செருப்பு இரண்டும் வேறுவேறு ஜோடி.

நடந்ததை அவள் சொன்னாள். பட்டாபிராம் தாண்டி வரும்போது வண்டியில் ஏதோ தீய்ந்த வாடை. அமல்ராஜ் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியிருக்கிறான். முள் நடுவில் இருந்ததால் சூடு இல்லை, தண்ணீர்தான் குறைந்திருக்கும் என்று நினைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகியிருக்கிறான். கொதிக்கக் கொதிக்க மொத்தமும் முகத்தில் அடித்துவிட்டது. இரண்டு கண்ணிலும் கட்டு.

“பார்வ வருமான்னு டாக்டரு இன்னும் சொல்லல. முள்ளு நடுவுலதான் இருந்துச்சுன்னு அவுரு திரும்பத் திரும்பச் சொல்றாரு. எங்க அண்ணனே நம்பமாட்றான். போன் பேசிகினே வந்துருப்பான், செவப்பப் பாத்துருக்க மாட்டான், இப்ப பொய் சொல்றான்றான். வண்டி அங்கயேதான் நிக்குது. நீங்க வந்து பாத்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. கண்ணுதான் இப்டி ஆச்சு, அவுரு பொய்யனாவும் ஆவ வேணாம்.”

“வண்டியப் பாக்க வேணாம்மா,” என்றார் வேம்புலி. “அவரு கிட்டக் கூட்டிகினு போ.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அமல்ராஜ் குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டான். கையை நீட்டித் துழாவி வேம்புலியின் மணிக்கட்டைப் பிடித்தான்.

“வந்துட்டீங்களா அண்ணாத்தே! சொல்லுங்க இவங்களுக்கு. நடுவுலதான இருந்துச்சு?”

“நடுவுலதான்ப்பா இருந்துச்சு. நீ சரியாத்தான் பாத்த. இஞ்சின் கொதிக்கும்னு தெரிஞ்சே, முள்ள நான்தான் அங்க நிக்க வெச்சேன்.”

பிடித்த கை விடவில்லை. இறுகிக்கொண்டே போனது. ஆக்னஸ்தான் குனிந்து, கணவனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அவள் வேம்புலியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“எங்க அண்ணன் வெளியிலதான் நிக்கறான்,” என்றாள். “அவன்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க.”

வேம்புலி அவனைத் தேடி வெளியே நடந்தார்.