நாலு வட்டியும் கலைவாணியும்

எங்கள் இணைய வகுப்பு மாலையில் நடக்கிறது. பாடம் பாதியில் இருக்கும்போது பாங்கு ஒலிக்கத் தொடங்கும். முதலில் விரிவுரையாளரின் ஒலிவாங்கி வழியே மலேசியாவின் ஈப்போ நகரில் ஏதோ ஒரு பள்ளிவாசல். சிறிது நேரத்தில் பத்து காஜாவில் இருக்கும் மாணவியின் பக்கமிருந்து இன்னொரு குரல். அதற்குப் பின் கமுந்திங்கில் இருக்கும் பையன். எங்கள் விரிவுரையாளர், சீனப் பெண்மணியான மிஸ் இயோ பேச்சை நிறுத்திவிட்டு கோப்பியை ஒரு வாய் குடித்துக் காத்திருப்பார். ஒலி அடங்கியதும், "ஓகே, பேக் டு கேஷ் ஃபுளோ" என்பார். தேவகோட்டையில் பி.காம். படித்த எனக்கு முதல் வாரம் இது அதிசயமாக இருந்தது. எங்கள் கல்லூரியில் கோயில் ஒலிபெருக்கி எவ்வளவு அலறினாலும் பேராசிரியர் அதைவிட உரக்கக் கத்திப் பாடம் நடத்துவாரே தவிர நிறுத்தியதில்லை.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போனவள் என்றால் ஏதோ கப்பலைப் பிடித்துப் பணம் அள்ளப் போனவள் என்று நினைக்காதீர்கள். நான் கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் குடும்பம் தலைமுறைகளாக இங்கே இருக்கிறது. அவர் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். நான் மனைவி விசாவில் இருக்கிறேன். ஊரில் வாங்கிய பட்டத்தை இங்கே வேலை கேட்டுப் போகும் இடங்களில் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கடைசியில் ஒரு பல்கலைக்கழகம் இரக்கப்பட்டது. கம்பெனி நிதி பற்றிய இந்த ஆரம்பப் பாடத்தை இணையத்தில் எடுத்து நல்ல தரத்தில் தேறினால் மேற்படிப்பில் சேர்த்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் அடியிலிருந்து டிப்ளோமா படித்து வா என்றது. ஆக, இந்த ஒரு பாடம்தான் எனக்கு இந்த ஊரின் வாசல். தவறினால் அடுத்த சில வருடங்களுக்குச் சமையலறையும் தொலைக்காட்சியும்தான்.

இதில் எனக்குப் பயமில்லை. என் அப்பச்சி, அதாவது அப்பா, தேவகோட்டையில் பாத்திரக் கடை வைத்திருந்தார். சோறு பிசைந்துகொண்டிருக்கும்போதே, "மீனா, ரெண்டு வட்டிக்கு வாங்கின காசு எட்டு மாசத்துல எவ்வளவாகும்?" என்பார். இலையிலிருந்து கை எடுப்பதற்குள் சொல்லிவிடுவேன். தெருவில் யாருக்காவது வட்டிக் கணக்கில் தகராறு என்றால், "அந்தப் புள்ள மீனாவைக் கூப்பிடுங்க" என்பார்கள். எனக்கு வேறு எதில் பெருமை இருந்ததோ இல்லையோ, இதில் இருந்தது. மலேசியாவுக்கு வந்தபின் வாய் திறந்தால் தவறாகிப் போகிறது. மலாய் தெரியாது, ஆங்கிலம் தடுக்குகிறது, நம் தமிழைக் கேட்டால்கூட, "நீங்க இந்தியாவா?" என்கிறார்கள். ஆனால் கணக்கு கணக்குதானே, அது எந்த ஊரிலும் ஒன்றுதான் என்று இறுமாந்திருந்தேன்.

அந்த இறுமாப்பைக் கெடுக்க வந்தவள்தான் பத்து காஜாக்காரி கலைவாணி. அங்கே ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். என்னைவிட இளையவள். கேமராவை அணைக்கவே மாட்டாள். பின்னால் அவள் அம்மா துணி மடிப்பார், தண்ணீர் கொண்டுவந்து வைப்பார், திரையைப் பார்த்து எங்களுக்குக் கையும் ஆட்டுவார். கலைவாணிக்குக் கூச்சமே கிடையாது. மிஸ்ஸிடம் ஆங்கிலம், கமுந்திங் பையனிடம் மலாய், சீனப் பிள்ளைகளிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கிண்டல், என்னிடம் தமிழ். நாலு பாஷையிலும் அவள் சிரிப்பு ஒரே மாதிரி இருக்கும். மிஸ் ஒரு கேள்வி கேட்பார். நான் விடையை மனத்துக்குள் ஆங்கிலத்தில் கட்டி முடிப்பதற்குள் அவள் அரைகுறையாக எதையோ சொல்லி, "பெட்டுல் தக், மிஸ்?" என்று கேட்பாள். சரியா இல்லையா என்று பொருள். பாதி தவறாக இருந்தாலும் மிஸ் சிரித்துக்கொண்டே திருத்துவார். எனக்கு வயிறு எரியும்.

போதாததற்கு என் வீட்டுக்காரர். ஒருநாள் என் பின்னால் நின்று வகுப்பைக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு கெட்டிக்காரியா இருக்கே. நீயும் அது மாதிரி தைரியமாப் பேசு மீனா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். என் எரிச்சலில் ஊர்ப் புத்தியும் கலந்திருந்தது. எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் இங்கே வட்டிக்குக் கொடுக்க வந்தவர்கள். அவள் ஆட்கள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவ வந்தவர்கள். ஊரில் இருந்திருந்தால் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியே இருக்காது. இங்கே என்னவென்றால் அவளிடம் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இருக்கிறது, என்னிடம் வருடாவருடம் புதுப்பிக்கிற விசா இருக்கிறது. அவள் அதைப் பற்றி நினைத்தே பார்த்திராதவள்போல இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒருமுறை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். "உங்க தாத்தா கடன் குடுத்திருப்பாரு, எங்க தாத்தா வாங்கியிருப்பாரு. இப்ப ரெண்டு பேரும் ஒரே அசைன்மெண்ட் செய்றோம், பாத்தீங்களாக்கா!"

ஆமாம், அந்த அசைன்மெண்ட். இருவர் இருவராகச் சேர்ந்து அக்கம்பக்கத்துச் சிறுதொழில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் புதிதாகப் பணம் போடலாமா வேண்டாமா என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்குத்தான். மிஸ் என்னையும் கலைவாணியையும் ஒரு ஜோடியாகப் போட்டுவிட்டார். ஆக, என் மேற்படிப்பு அவள் கையிலும், இந்தப் பாடத்தில் தேறினால் தருவதாக அவளுக்கு முதலாளி சொல்லியிருந்த பதவி உயர்வு என் கையிலும் வந்து மாட்டிக்கொண்டன.

அவள் தன் காரில் என்னைக் கோப்பெங்கிற்கு அழைத்துப் போனாள். அவள் அம்மா வழியில் தெரிந்தவரான சேகர் என்பவர் அங்கே வீட்டிலேயே முறுக்கு போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். கையால் பிழிந்து கட்டுப்படியாகவில்லை, இயந்திரம் வாங்கக் கடன் எடுக்கப் போகிறார். கலைவாணி நேரே உள்ளே போய் அவர் மனைவியோடு அடுப்படியில் நின்று கதையளக்க ஆரம்பித்துவிட்டாள். நான் முன்னறையில் உட்கார்ந்து விவரம் கேட்டேன்.

"வட்டி எவ்வளவு அண்ணே?"

"நாலுதாம்மா. ரொம்ப மூராலா!"

மூரா என்றால் மலிவு, லா என்பது இந்த ஊர்ப் பேச்சில் கடைசியில் ஒட்டிக்கொள்கிற அசை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வட்டியா! எங்கள் ஊரில் நாலு வட்டிக்கு வாங்குகிறவன் ஒன்று சூதாடியாக இருப்பான், அல்லது சாகக் கிடப்பான். இந்த மனிதர் மலிவு என்று சந்தோஷப்படுகிறார். யாரோ இந்த அப்பாவியை நன்றாக ஏமாற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். எடுத்துச் சொன்னால் மனம் நோவாரே என்று வாயை மூடிக்கொண்டேன். திரும்பும் வழியில் கலைவாணி, "நம்பரெல்லாம் கெடச்சிச்சாக்கா? ராத்திரி கூப்பிடவா, சேர்ந்து செய்லாம்" என்றாள். "நம்பர் நான் பாத்துக்கறேன். நீ படம், எழுத்து, மத்ததப் பாரு" என்றேன். கணக்கு என் பரம்பரைச் சொத்து. அதில் அவளைத் தொடவிடுவதாக இல்லை.

நிதிப் பாடம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. நாளைக்கு வரப்போகும் பணம் இன்றைக்கு எவ்வளவு பெறும் என்று பார்ப்பதுதான் இந்தக் கணக்கின் உயிர். வட்டி கூடக் கூட நாளைய பணம் இன்று சுருங்கிப்போகும். வாங்கும் கடனின் வட்டியையே இதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். நான் நாலைப் பன்னிரண்டால் பெருக்கினேன். வருடத்துக்கு நாற்பத்தெட்டு. முறுக்கு இயந்திரம் தரப்போகும் லாபமெல்லாம் அந்த வட்டியில் கரைந்து காணாமல் போனது. "இயந்திரம் வாங்கக் கூடாது" என்று முடிவெழுதி, வகுப்புக்குச் சற்று முன்புதான் கலைவாணிக்கு அனுப்பினேன். முன்பே பார்த்தால் இதிலும் மூக்கை நுழைப்பாளே!

அன்று அவள் சேகர் அண்ணனின் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். பிறகு நான் கணக்கைத் திரையில் போட்டேன். நடுக்கமில்லாமல்தான் பேசினேன். முடித்ததும் மிஸ் இயோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையருகே வந்தார்.

"மீனா, ஃபார்ட்டி எய்ட் பெர்சென்ட்? வாட் இஸ் திஸ், ஆ லோங்?"

ஆ லோங் என்பது யாரோ சீனர் பெயர் என்று நினைத்தேன். சேகர் அண்ணனுக்குக் கடன் கொடுப்பவரைத்தான் கேட்கிறார் போலிருக்கிறது. "நோ மிஸ், ஐ டோன்ட் நோ ஹிம்" என்றேன் பணிவாக. வகுப்பே வெடித்துச் சிரித்தது. கேமராவை அணைத்திருந்த பிள்ளைகள்கூட ஒலிவாங்கியைத் திறந்து சிரித்தார்கள். கந்துவட்டிக்காரனை இங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மிஸ் சிரிக்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டார். இது அரசாங்கச் சிறுதொழில் கடன் என்று உங்கள் முதல் பக்கத்தில் இருக்கிறதே, அதற்கு எப்படி நாற்பத்தெட்டு வரும்?

முதல் பக்கம் கலைவாணி எழுதியது. நான் அதைப் படிக்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் வட்டி என்றால் மாதத்துக்கு. நூற்றுக்கு இவ்வளவு என்று சொன்னாலே மாதம் என்பது தானாக அதற்குள் இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இங்கே வருடத்துக்கு. சேகர் அண்ணன் ஏமாறவில்லை, நான்தான் ஏமாந்திருக்கிறேன். மேற்படிப்பு போயிற்று, டிப்ளோமாதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கலைவாணியின் குரல் கேட்டது. "மிஸ், தட் ஒன் பர்பஸ்லா! டூ சினாரியோ." சொல்லிக்கொண்டே திரையைத் தன் பக்கம் எடுத்து, என் கணக்கில் நாற்பத்தெட்டை அழித்து நாலைப் போட்டாள். சிவப்பில் இருந்த எண் சட்டென்று லாபமாக மாறியது. அரசாங்கக் கடன் கிடைத்தால் இயந்திரம் வாங்கலாம், அது கிடைக்காமல் ஆ லோங்கிடம் போனால் இருக்கிற அடுப்பும் போய்விடும், இந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் மீனா அக்கா முதலில் மோசமானதைப் போட்டார்கள் என்று ஆங்கிலத்தில் அளந்துவிட்டாள். மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. "வெரி ஸ்மார்ட், போத் ஆஃப் யூ" என்றார்.

போத் ஆஃப் யூ! அந்தப் பாராட்டில் என் பங்கு எது? வகுப்பு முடிந்ததும் அவளே கூப்பிட்டாள். "அலாமா! என்னாச்சிக்கா உங்களுக்கு? நாப்பத்தெட்டு எங்கருந்து வந்துச்சி?" சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "மாசத்துக்கா? அப்ப உங்க ஊர்ல எல்லாரும் தலையில துண்டுதான் போட்டுக்கணும்லா!" அதற்குப் பிறகு விடாமல் கேட்டாள். ஒரு வட்டி என்றால் எவ்வளவு, ஒன்றே முக்கால் என்று சொல்வார்களா, வீட்டுப் பெண்களும் கொடுப்பார்களா என்று. எல்லாம் சொன்னேன். அவள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள், நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதையும் சொன்னேன். ஆனால் மனம் முழுக்க, எனக்கு ஏன் அந்த நொடியில் அப்படி ஒரு பொய் தோன்றவில்லை என்றுதான் அரித்துக்கொண்டிருந்தது. தோல்வியைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன், அவள் போட்ட பிச்சையில் தேறியது தாங்கவில்லை.

தேறினேன். நல்ல தரம்தான், மேற்படிப்பில் இடமும் கிடைத்துவிட்டது. அவளுக்குப் பதவி உயர்வு. ஞாயிற்றுக்கிழமை மதியம், சேகர் அண்ணன் கொடுத்துவிட்ட முறுக்கை ஒரு டின் நிறையத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது தேவகோட்டையிலிருந்து என் தம்பி சுப்பு காணொளியில் கூப்பிட்டான். அப்பச்சியின் கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான். அக்காவை எங்கள் வீடுகளில் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆச்சி, பக்கத்துக் கடை விலைக்கு வருது. ஒருத்தர் ஒண்ணரை வட்டிக்குத் தாரேங்கிறாக. நீதான் பெரிய படிப்புப் படிக்கிறியே, வாங்கலாமா?"

அவன் என்னிடம் கேட்டதே எனக்குக் குளிர்ந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஒண்ணரைதானே? சும்மா குடுக்குற மாதிரிடா. யோசிக்காம வாங்கிப்போடு!"

தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பக்கத்தில் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த கலைவாணி பதறிப்போய் எழுந்தாள். "அக்கா! உங்க ஊர்ல மாசத்துக்குலா! வருசத்துக்குப் பதினெட்டு வந்துரும்!"

"அதானே!" என்றான் தம்பி. "யாரு ஆச்சி அது? சரியாச் சொல்றாகளே."

கலைவாணி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டு, வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னலோரம் போனாள். கடைக்கு என்ன வாடகை வரும், இரண்டாக மறித்துவிட்டால் ஒன்றை வெளியாருக்கு விடலாமா என்று அவனைக் கேட்டாள். அவன் சொன்னதை உடனே பதினெட்டில் வைத்துப் போட்டுப் பார்த்து, வேண்டாம், ஒன்றே காலுக்குக் குறைத்துக் கேளுங்கள் என்றாள். அவளுடைய 'லா'வும் அவனுடைய 'ஆக'வும் கலந்து இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்தது அந்த ஊர் ஒன்றுதான். அங்கேயும் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் முறுக்கு டின்னைப் பிடித்தபடி நாற்காலியில் இருந்தேன்.

"ஆச்சி எங்க போனாக?" என்று தம்பி கேட்பது காதில் விழுந்தது.

"இங்கதான் இருக்காங்க" என்றாள் கலைவாணி, தொலைபேசியை என் பக்கம் திருப்பாமலே.