முன்சீட்டில் அப்பாவின் மடி

எனக்கு நினைவு தெரிந்த முதல் கார்ப் பயணத்தில் நான் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு ஒரு தகப்பன் அப்படி ஓட்டிப் போனால் யாராவது படம் பிடித்துப் போலீஸுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்று எங்கள் வீட்டில் அதுதான் முறை. வீட்டின் கடைக்குட்டிக்கு வண்டியில் தனி இடம் கிடையாது, ஓட்டுகிறவர் மடிதான் இடம்.

கீழ்பென்னாத்தூரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. நெல்லும் வேர்க்கடலையும் போடுவார்கள். அப்பா யாரோ ஓட்டித் தள்ளிய பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதில் ஏறாதது எதுவுமில்லை. அம்மா, இரண்டு அத்தைகள், அவர்கள் பிள்ளைகள், தவிட்டு மூட்டை எல்லாம் பின்னால் அடைந்துகொள்ளும். முன்னால் அப்பா, அப்பாவின் மடியில் நான். திருவண்ணாமலைக்குத் துணி எடுக்கவோ உரம் வாங்கவோ வந்தால், வேலை முடிந்ததும் அப்பா என் காதருகில் குனிந்து, "இன்னா பாப்பா, மலைய ஒரு சுத்து சுத்தினு போலாமா?" என்பார். வீட்டுக்கு அது நேர்வழி இல்லை. எனக்காகத்தான் சுற்று.

பௌர்ணமி இல்லாத நாளில் அடி அண்ணாமலைப் பக்கம் சாலை காலியாகக் கிடக்கும். அங்கே வந்ததும் அப்பா ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிடுவார். கொடுத்ததாக நான் நம்பினேன். அவர் கைகள் கீழே ஒட்டினாற்போல் இருக்கும். அவர் முகவாய் என் உச்சந்தலையில் அழுந்தும், சவரம் செய்யாத நாளில் குத்தும். மலை எனக்கு வலதுபக்கம் கூடவே வரும். உலகத்திலேயே பத்திரமான இடம் எது என்று அன்று கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். ஒருமுறை ஒரு ஆடு குறுக்கே ஓடி, அப்பா பிரேக் போட்டு, ஆடிக்கொண்டிருந்த என் முன்பல் ஸ்டியரிங்கில் பட்டு விழுந்தது. வண்டியே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தார். என் வாயில் ரத்தம் வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட.

அந்தக் கார் எப்போதோ போய்விட்டது. நான் கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தபோது அப்பாவிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. எனக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக அதில்தான் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். மகளுக்காகச் சீட்டுக்கெல்லாம் புது உறை போட்டிருந்தார் அப்பா. மெரூன் நிறம், நடுவில் பூவேலை. கல்யாண மண்டபத்து நாற்காலி மாதிரி இருந்தது.

நான் பின்சீட்டில் ஏறி பெல்ட்டைத் தேடினேன். அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, "வயித்துக்கு மேல போடாதீங்க, வயித்துக்குக் கீழ, இடுப்பு எலும்பு மேல படியணும். தோள்ல வர்றது நெஞ்சு நடுவுல வந்து வயித்துக்கு ஓரமா இறங்கணும்" என்று கையால் தடவியே காட்டியிருந்தார். அம்மாவுக்கு அது ஏற்கவில்லை. "மாசமா இருக்கற பொண்ணு வயித்துல வாரு கட்டுவாங்களா? புள்ளைக்கு மூச்சு முட்டாது?" என்றார். பெல்ட் கையில் இருந்தது, அதை மாட்டும் கொக்கியைத்தான் காணோம்.

கொக்கி புது உறைக்குள் இருந்தது. "பின்னால குந்தறவங்களுக்கு அது குத்துதுன்னு கடைக்காரன் உள்ள தள்ளி வச்சி தெச்சிட்டான்மா. நானும் செரின்னுட்டேன்" என்றார் அப்பா. நம் ஊரில் ஓடும் பாதிக் கார்களில் பின்சீட்டுக் கொக்கி இப்படித்தான் உறைக்குள் புதைந்து கிடக்கிறது என்பது என் கணிப்பு. அப்பா என் முகத்தைப் பார்த்தார், கை நிறைய வளையலோடு நான் சீட்டைத் துழாவுவதைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பிளேடு வாங்கி வந்தார். பூவேலைக்கு நடுவிலேயே கிழித்தார். "புது உறைங்க" என்று அம்மா அங்கலாய்த்ததற்கு, "உறை கெடக்குது" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாசமாக இருக்கும்போது எதற்கெடுத்தாலும் கண் கலங்கும்தான், ஆனால் இது அந்தக் கணக்கில் சேராது.

வழி நெடுக அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் வளையல்கள் மேடுபள்ளத்துக்கெல்லாம் சத்தம் போட்டன. இப்படிப்பட்ட மனிதர் குழந்தை விஷயத்திலும் மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று நினைத்தேன். அப்பாவை எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம் என்னையும் அவளையும் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று முடிவானது. அந்த நாளுக்காக, அவள் பிறந்த அன்றிலிருந்தே அப்பா காத்திருந்தார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து போய், சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கப்போவதாகத் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியிருந்தார். புது வெள்ளை வேட்டி பெட்டி போட்டுத் தயாராக இருந்தது.

என் வீட்டுக்காரர் எங்கள் காரை எடுத்து வந்தார். பின்சீட்டில் குழந்தைக்கான இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அப்பா குனிந்து பார்த்தார். "இன்னா மாப்ள இது? பச்சப் புள்ளய முதுகு காட்டி குந்த வச்சி இட்டுனு போவாங்களா?"

"அதுல இருந்தாதான் மாமா கழுத்துக்குப் பத்திரம். முன்சீட்ல மடியில வச்சினா, ஏர்பேக் வெடிச்சா புள்ள தாங்காது. நம்ம பாரமும் அது மேலதான் உழும்."

"நான் புடிச்சினு இருக்கறப்போ எப்படி உழும்?" அப்பா என் பக்கம் திரும்பினார். "உன்ன எங்க குந்த வச்சி இட்டுனு போனேன்? உனக்கு இன்னா ஆயிடுச்சி?"

எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு பால்பல் தவிர. இந்தக் கேள்வியை இப்போதும் ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஆகிப்போனவர்கள் வந்து பதில் சொல்லமாட்டார்கள் என்கிற தைரியத்தில் கேட்கிற கேள்வி அது. ஆனால் அன்று என்னிடம் கேட்டது ஊர் இல்லை. அந்த மடியின் சூடு எனக்குத் தெரியும். அது என் மகளுக்கும் கிடைக்கவேண்டும் என்று அவரை விட எனக்குத்தான் ஆசை ஜாஸ்தி. "வேணாம்பா. அவ சீட்லயே வரட்டும்" என்றேன்.

அப்பாவுக்குக் கோபம் வந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். அன்று மாடு போதும் போதும் என்று தலையை ஆட்டிய பிறகும் வாளியை நீட்டிக்கொண்டு நின்றார். அம்மா போய் இழுத்து வராத குறையாகக் கூட்டி வந்தார்.

வண்டியில் சாமான் நிரம்பிவிட்டது. பின்னால் நடுவில் குழந்தை தன் இருக்கையில், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அம்மா. புகுந்த வீட்டு வாசலில் குழந்தையைச் சுற்றி உடைக்க, எங்கள் கொல்லையில் காய்த்த வெள்ளைப் பூசணிக்காய் ஒன்று மிச்சமிருந்தது. அதை அம்மா முன்சீட்டில் அப்பாவின் மடியில் வைத்தார். "பாத்துங்க, புள்ள கனம் கனக்குது" என்றார். அப்பா பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, காயை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். பேத்திக்காகப் பெட்டி போட்ட வேட்டியில் பூசணியின் சாம்பல் அப்பியது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் வழக்கத்தை விட மெதுவாகத்தான் ஓட்டினார். பாதி சாலையில் நெல் காயப்போட்டிருந்த ஓர் இடத்தில், எதிரே ஒரு வேன் வர, ஓரத்திலிருந்து ஒரு கன்றுக்குட்டி துள்ளிக் குறுக்கே வந்தது. பிரேக்.

பெரிய வேகம் ஒன்றுமில்லை. வேன்காரர் நிற்காமலே போய்விட்டார், கன்றுக்குட்டி கூட நெல்லில் இறங்கி நின்று எங்களைப் பார்த்தது. ஆனால் முன்னால் பெரிய சத்தம் கேட்டது. அப்பாவின் கையிலிருந்த பூசணி டேஷ்போர்டில் மோதிப் பிளந்திருந்தது. கண்ணாடி வரைக்கும் சதையும் விதையும் தெறித்திருந்தன. பின்சீட்டில் என் மகள் அதிர்ந்து இரண்டு குரல் அழுதாள், என் முகத்தைப் பார்த்து அடங்கினாள். அவள் தலை இருந்த இடத்திலேயே இருந்தது.

"திருஷ்டி கழிஞ்சிச்சி, வுடுங்க" என்றார் அம்மா.

அப்பாவின் கைகள் இரண்டும் காயை அணைத்த வாக்கிலேயே மடிமேல் வளைந்திருந்தன, நடுவில் எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டி, துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அப்பா பின்னால் திரும்பாமலே என்னிடம் சொன்னார்.

"கெட்டியாதாம்மா புடிச்சினு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு துளியும் தோன்றவில்லை. அந்தக் கைகள் என்னை வளர்த்த கைகள், அவற்றால் முடியாதது ஒன்று இருக்கிறது என்பதை நானும் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அப்பா இறங்கி அம்மாவை முன்னால் அனுப்பிவிட்டு, பின்னால் வந்து பேத்திக்கு அந்தப் பக்கம், அம்மா இருந்த இடத்தில் உட்கார்ந்தார். அவள் வாரை இழுத்துப் பார்த்தார். "லூசா கீதாம்மா?" என்றார். சரியாக இருக்கிறது என்று நான் சொன்ன பிறகும் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு விரலை அவளிடம் நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். திருவண்ணாமலை வரும்வரை அவர் அந்த விரலை எடுக்கவில்லை. சம்பந்தி வீட்டு வாசலில் அம்மா உப்பும் மிளகாயும் வைத்துச் சுற்றிப் போட்டார்.

இப்போது அவளுக்கு நான்கு வயது. நாங்கள் கீழ்பென்னாத்தூர் போனால், திரும்பும்போது அவளை இருக்கையில் ஏற்றிக் கொக்கி மாட்டுவது அப்பாவின் வேலை, வேறு யாரும் செய்யக்கூடாது. அதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. களத்தில் வேப்பமரத்தடியில் அவருடைய கார் நிற்கும், பின்சீட்டில் அந்தக் கிழிந்த மெரூன் உறையோடு. முன்கதவைத் திறந்து அவர் உட்காருவார், அவள் அவர் மடியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடிப்பாள். வாயாலேயே ஹார்ன் அடிப்பாள். அவர் முகவாய் அவள் உச்சந்தலையில் இருக்கும்.

போன முறை நான் பையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது, "தாத்தா, எங்க போறோம்?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மலைய சுத்தப் போறோம்" என்றார் அப்பா. "அடி அண்ணாமலை வந்தாச்சி. மெதுவா திருப்பு."

அவள் திருப்பினாள். நாற்பதை நெருங்கும் எனக்கு நான்கு வயதுப் பெண்ணின் மேல் அப்படி ஒரு பொறாமை வந்தது. கார்ச் சாவி அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது.